அப்பத்தாவின் பெருவிரல்: ஊரின் பழைய காயத்தைக் கதையாகவும் அனிமேஷனாகவும் ஆக்க நினைப்பவர்களுக்கு

6 நிமிடம் 40 விநாடி ஓடும் ஒரு அனிமேஷன் படத்தை முடிக்க எனக்கு 22 மாதம் ஆனது. உருப்படியாக வேலை நடந்தது 14 மாதம்தான். மீதி எட்டு மாதம், யாராவது முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். கைக்காசு ரூ.1,90,000 செலவு, அதிலும் ஒரு நாற்பதாயிரம் தண்டம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பழைய காயம் இருந்து, அதை எழுதவோ வரையவோ ஆசைப்பட்டால், நான் இடறிய இடங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

என் படம் ரேகைச் சட்டத்தைப் பற்றியது. வெளியூர்க்காரர்களுக்காக நான்கு வரி. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் பிரமலைக் கள்ளர் சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாக்கி, வீடு வீடாகக் கைரேகை எடுத்தது பிரிட்டிஷ் அரசு. பதிவில் இருந்த ஆண்கள் இரவில் போலீஸ் கண்ணில் பட்டபடிதான் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது 1947இல். வரலாறு இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

1. துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்காதீர்கள்

என் முதல் திரைக்கதையில் குதிரை இருந்தது, புகை இருந்தது, வயலில் 16 உடல்கள் கிடந்தன. ஓவிய ஆசிரியரான நண்பர் படித்துவிட்டு, "கிளைமாக்ஸ் நல்லா இருக்கு, படம் எங்கே?" என்றார். அந்தத் திரைக்கதைக்கு மூன்று மாதம் போயிருந்தது.

சுட்டது ஒரு காலை நேரத்து நிகழ்வு. அதன் மிச்சம் இன்றைக்கும் வீட்டுக்குள் எங்கோ இருக்கும். அதைத் தேடுங்கள். ஒரு பழக்கமாக இருக்கலாம், ஒரு வசவாக இருக்கலாம், யாரும் காரணம் கேட்காத ஒரு வீட்டு விதியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பொழுது சாய்ந்தபின் யார் கதவைத் தட்டினாலும் பெண்கள்தான் போய்த் திறக்க வேண்டும். ஏன் என்று அந்த வீட்டுப் பையனுக்கே தெரியாது. இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் பாதிப் படம் கிடைத்த மாதிரி.

கிடைத்ததும் வரையத் தொடங்காமல், முதலில் 1,500 வார்த்தையில் சிறுகதையாக எழுதுங்கள். காகிதத்தில் ஒரு காட்சியை அடிக்கக் காசு ஆகாது. அனிமேஷனில் எனக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ரூ.28,000 ஆனது. கதையை ஏதாவது ஒரு சிற்றிதழுக்கு அனுப்பி அச்சில் வரவைத்துவிட்டால், இந்தக் கரு எந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்கும் அது சாட்சி.

2. பெரியவர்களிடம் கேட்கப் போகும்போது

இந்தப் படியை அவசரப்படுத்தினால் மற்ற ஏழும் வீண்.

என் அப்பத்தாவுக்கு அப்போது 86 வயது. சட்டம் போனபோது பதினோரு வயதுப் பிள்ளை. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்ததிலிருந்து அவர் அந்தப் பக்கமே போவதில்லை, சித்தப்பா மகன்தான் போய் விரலை வைத்து அரிசி வாங்கி வருவான். மெஷினைக் கண்டு பயம் என்று நினைத்திருந்தோம்.

பதிவுக்குப் போன அன்று, பேசுபவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் ஒரு ஒப்புதல் படிவம் அடித்து எடுத்துப் போயிருந்தேன். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் முன்யோசனையோடு ஒரு மைப்பெட்டியும் வாங்கியிருந்தேன். ஊதா மை, புதுசு. மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பேசவில்லை. வலது கைப் பெருவிரலை மற்ற நான்கு விரலுக்குள் மடக்கி, கையைச் சேலைத் தலைப்புக்குள் கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கய்யா வச்சதே போதும்ப்பு. அத எடுத்துட்டுப் போ" என்றார்.

ரேகைச் சட்டம் பற்றி இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தவன், மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். என் படத்தின் முதல் காட்சி அதுதான். ஆனால் அடுத்த நான்கு மாதம் அவர் என்னிடம் பழைய கதை எதுவும் பேசவில்லை.

ஆகவே, நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

ஒப்புதலைக் குரலிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பெயர், தேதி, எதற்காகக் கேட்கிறீர்கள், கதையாக அச்சில் வரும், படமாகப் பலர் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் இப்போதே நிறுத்தலாம் என்று எல்லாவற்றையும் பேச்சுத்தமிழில் சொல்லி, அவர் வாயால் "சரி" வாங்குங்கள். வீட்டு ஆள் ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருந்து தன் பெயரைச் சொல்லட்டும். அதைத் தட்டச்சு செய்து, சாட்சி கையெழுத்தோடு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் மைப்பெட்டியைத் தொடாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பேச்சு நின்றால் நிற்கட்டும். அடுத்த கேள்வியால் அந்த இடைவெளியை நிரப்பினால் வரவிருந்தது வராமல் போய்விடும். கேட்டு முடித்ததும் மூட்டையைக் கட்டாமல், காப்பி குடித்து, ஆடு மாடு விலை பேசிவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் போனாவது செய்ய வேண்டும். பேசியபின் இரண்டு நாள் தூங்காத ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். அப்படி நேர்ந்தால் வீட்டாரிடம் டெலி மனஸ் எண் 14416ஐக் கொடுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசு உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நேரம்: காலை பத்து மணி வாக்கில் நல்லது. ஆடி மாதம் வேண்டாம், மைக்செட் சத்தத்தில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. ஏப்ரல் 3 நினைவு நாளை ஒட்டிய வாரத்தில் பெருங்காமநல்லூர்ப் பக்கம் பார்க்கப் போகலாம், கேட்கப் போகாதீர்கள். கார்களும் மாலைகளுமாக இருக்கும். மேடைப் பேச்சு காதில் ஏறியபின் பெரியவர்களும் மேடைக் குரலில்தான் பேசுவார்கள்.

இன்னொன்று. ஊரில் ஒரு தெருவின் நினைவை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அடிபட்ட சமூகத்தின் ஊரிலும், அந்தச் சமூகத்திடம் அடிபட்ட தெரு ஒன்று இருக்கக்கூடும். அங்கேயும் போய் உட்காருங்கள். படத்தில் வராவிட்டாலும், எதை எழுதக்கூடாது என்பது அங்கேதான் தெரியும்.

3. ஆவணங்கள்

மூன்று இடங்களில் தேடினேன்.

மதுரையில், புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அச்சான நூல்களுக்கு முதலில் அங்கே போங்கள், காசு செலவில்லை. உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒரு நோட்டு கொண்டுபோங்கள், ஏசி உண்டு.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அன்றைய அரசாணைகள், போலீஸ் நிர்வாகக் கடிதங்கள் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் இடம். மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலை எழும்பூர், நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். ஸ்லீப்பர் முந்நூற்றுச் சொச்சம். நான் செய்த தப்பு, வெறுங்கையோடு போனது. ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பம், ஒரு கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், புகைப்படம் என்று எல்லாவற்றையும் தயார் செய்து, போவதற்கு முன் போனிலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த அரசாணை எண் என்று எழுதிக் கொண்டுபோனால்தான் கட்டு கைக்கு வரும். "1920 சம்பந்தமாக ஏதாவது" என்று கேட்டால் ஒரு பகல் அட்டவணைப் புத்தகம் புரட்டுவதிலேயே போய்விடும். எண்களை ஏற்கெனவே வந்த ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று நாள் தங்குகிற மாதிரிப் போங்கள்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் ரூ.10, 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அழிக்கப்பட்டதா என்று கேட்க இது உதவும். ஒரே மனுவில் பத்துக் கேள்வி அடுக்காமல், ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் என்று வையுங்கள்.

ஆவணம் போலீஸ்காரன் வாயால் பேசும் என்பதை மறக்காதீர்கள். அதில் "கலகக் கும்பல்" என்று இருப்பது உங்கள் பாட்டன்தான். தேதிக்கும் இடத்துக்கும் ஆவணத்தை எடுங்கள். விரல் எப்படி நடுங்கியது என்பதற்கு அப்பத்தாவிடம்தான் வரவேண்டும்.

4. உரிமைகள், கையெழுத்துகள்

வேறொருவர் எழுதிய கதையைப் படமாக்குவதாக இருந்தால், வாய்வார்த்தை போதாது. பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்தே ஆண்டுதான். நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு: உரிமையை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். அனிமேஷன் ஓராண்டில் முடியாது. ஆகவே "ஐந்து ஆண்டுக்குள் பயன்படுத்தலாம்" என்று தனி வரியாகவே எழுதி வாங்குங்கள்.

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு, வாரிசுகளிடம் கேட்க வேண்டும். உங்கள் சொந்தக் கதையைப் பதிவு செய்ய ரூ.500, முடித்த படத்தைப் பதிவு செய்ய ரூ.5,000. விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. வரைபவரோடும் ஒலி செய்பவரோடும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நண்பன்தானே என்று விட்டால் விழாவுக்கு அனுப்பும் நேரத்தில் கசப்பு வரும்.

5. வலியைப் படமாக யோசிப்பது

காட்சி வரிசையைப் பென்சிலில் ஸ்டோரிபோர்டாக வரைந்து, அதைக் குரலோடு ஓடவிட்டு அனிமேட்டிக் செய்யாமல் ஒரு படம்கூட முழுசாக வரையாதீர்கள். நான் அதைத் தாண்டிக் குதித்து, வரைபவருக்கு ரூ.25,000 கொடுத்து வாங்கிய காட்சிகளைக் குப்பையில் போட்டேன். அனிமேட்டிக்குக்குக் காசே வேண்டாம். பென்சில் படங்களைப் போனில் எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் வரிசையாக வைத்தாலே போதும்.

எந்த ஊடகத்தில் வரைவது என்று யோசிக்கும்போது, காயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அப்பத்தா ஒருநாள் தானாகவே சொன்னார். அவருடைய அய்யா ரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பெருவிரலைத் தேய்ப்பாராம். மை போகும். கொஞ்சம் நக இடுக்கில் நிற்கும். அதோடுதான் சோற்றில் கை வைப்பார். அந்த நகக்கண் கறுப்பைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் சாப்பிடுவார்களாம்.

அதைக் கேட்டபிறகு கரிதான் என்று முடிவானது. ஒரே தாளில் கரிக்குச்சியால் வரைந்து, படம் எடுத்து, துணியால் துடைத்து, அதன்மேலேயே அடுத்த அசைவை வரைவது. எவ்வளவு துடைத்தாலும் முந்தைய கோட்டின் நிழல் தாளில் நிற்கும். அதை மறைக்கத் தேவையில்லை. பழைய காலக் காட்சிகளை இப்படிச் செய்தோம். இன்றைய ரேஷன் கடைக் காட்சிகள் மட்டும் கிரிட்டா என்ற கணினி வரைகலை மென்பொருளில், சுத்தமான கோடுகளில். மெஷினில் விரல் நெருங்கும் இடத்தில் மட்டும் அந்தச் சுத்தமான திரையில் கரி ஒட்டத் தொடங்கும்.

கொலையைக் காட்டலாமா? என் படத்தில் காட்டவில்லை. காட்டவே கூடாது என்று சட்டம் பேசமாட்டேன். ஆனால் ரத்தத்தை வரைந்தால் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார், அல்லது ரசிக்கிறார். இரண்டும் நமக்கு நஷ்டம். நான்கு பேருக்கு அனிமேட்டிக்கைப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

6. வரைவதும் செலவும்

விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். 400 விநாடிக்கு 4,800 படம். கரியில் நாளைக்கு 60 தாண்டினால் அதிசயம். நான்கு மாதம் என்று கணக்கு வையுங்கள். இரண்டு பேருக்குக் கூலியாக ரூ.96,000 ஆனது, குப்பையில் போன 25,000 அதற்குள் அடக்கம். விளக்கு, ஸ்டாண்டு, பழைய கேமரா ரூ.22,000. தாளும் கரியும் ரூ.9,000. சென்னைப் பயணம், நகல் எல்லாம் ரூ.11,000. ஒலி ரூ.28,000. மற்றது சில்லறை.

நம்மூர் வேலிக்கருவைக் கரியையே பயன்படுத்தலாம் என்று ஆசைப்பட்டு ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன். கெட்டியாக இருந்து தாளைக் கீறியது, துடைத்தால் போகவில்லை. அந்த மூட்டை வீட்டில் அடுப்புக்குப் போனது. ஓவியக் கரிக்குச்சியையே வாங்குங்கள்.

கேமராவில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், போகஸ் மூன்றையும் கையால் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50இல் வைத்தால் விளக்குத் துடிப்பு குறையும். ஜன்னலைத் துணி போட்டு அடையுங்கள். முக்கியமானது, மின்விசிறி கூடாது. கரித்தூள் பறந்து மேலே போய்விடும். நாங்கள் வரைந்தது சித்திரை, வைகாசி மாதத்தில். மதுரை வெயிலில் விசிறி இல்லாமல் மூடிய அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை அன்றன்றைக்கு இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிடுங்கள், கரிப்படத்தில் முந்தைய தாள் என்று ஒன்று இருக்காது.

7. குரல்

வீட்டில் பதிவான குரல் தெளிவில்லை என்று, ஒரு நடிகையை வைத்து ஸ்டுடியோவில் அப்பத்தா பேச்சைப் பேசவைத்தேன். ரூ.15,000. சினிமா மதுரைத் தமிழ் வந்தது. அப்பத்தா கேட்டுவிட்டு, "யாரு அவ, சண்டைக்கு வர்ற மாதிரி பேசுறா?" என்றார். வீட்டில் எடுத்த பதிவையே சுத்தம் செய்து போட்டோம்; பின்னால் சேவல் கூவுவது கேட்கிறது, கேட்கட்டும். முதல் நாளே 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதிவு செய்து, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தால் இந்தச் செலவே இல்லை.

8. காட்டுவது

முடிந்ததும் முதல் பார்வை கதை சொன்ன வீட்டாருக்கு. அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்தபின் மற்றது. எங்களிடம் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள்: அப்பத்தாவின் அய்யா இடதுகைப் பெருவிரலைத்தான் வைத்தார், நாங்கள் வலதை வரைந்திருந்தோம். 70 படம் மறுபடி.

பொது இடத்தில் காட்டுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் தளத்தில், மண்டல அலுவலகம் சென்னை. வசன நகல், கதைச் சுருக்கம் தமிழில் தயாராக இருக்கட்டும். அவசரத்துக்கு ஆகாது, திரையிடும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே போடுங்கள். கதாபாத்திரம் யார் பெயரையும் நேரடியாகத் தாங்க வேண்டாம். விளம்பரப் போஸ்டரில் சாதிப் பெருமை வாசகம் எழுத யாராவது முன்வந்தால், அவர் பணம் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சமூகங்களுக்குள் பகைமை மூட்டுவதாகப் புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு இருக்கிறது; அதைவிட, படம் கைமாறிப் போய்விடும்.

விழா என்றால் மதுரையிலேயே 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது, வழக்கமாக டிசம்பரில். மும்பை சர்வதேசத் திரைப்பட விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அனிமேஷனுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆங்கில சப்டைட்டில் எழுதும்போது "ராதாரி", "கச்சேரி" போன்ற சொற்களுக்கு முன்கூட்டியே யோசித்து வையுங்கள். காவல் நிலையத்தைப் பெரியவர்கள் கச்சேரி என்பார்கள். என் முதல் சப்டைட்டிலில் அப்பத்தாவின் அய்யா தினமும் இரவு பாட்டுக் கச்சேரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டிருந்தார்.

பென்டிரைவில் ஒரு நகலைக் கதை சொன்ன வீட்டில் கொடுத்துவிடுங்கள். எம்பி4 கோப்பாக, முழு எச்டியில் வையுங்கள். பெரிய கோப்பு பழைய டிவியில் ஓடாது. எங்கள் வீட்டில் அது டிவிக்குப் பின்னாலேயே செருகியிருக்கிறது.